புரட்டாசியில் ஆறு, தையில் கடல்



கல்லூரி ஆண்டறிக்கைகளில் தவறாமல் இடம்பெறும் ஒரு வரி உண்டு. மாணவர்கள் ஒருநாள் பயணமாகக் கடற்கரைக்குப் போனார்கள், தூய்மைப் பணி செய்தார்கள் என்பது அதன் சாரம். அந்த ஒரு வரிக்குள் உண்மையில் இரண்டு காரியங்கள் நடந்திருக்கின்றன. காலையில் கையுறை மாட்டிக்கொண்டு குப்பை பொறுக்கினார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் அலையில் நின்றார்கள், படகு ஏறினார்கள், மணலில் ஓடினார்கள், தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். முதல் காரியம் அறிக்கைக்குப் போகிறது, இரண்டாவது கைப்பேசிக்குள் தங்கிவிடுகிறது. இது நம் ஊருக்கு மட்டுமே உரிய வழக்கமும் இல்லை. பணக்கார நாடுகளின் மாணவர்கள் ஏழை நாடுகளுக்கு விமானம் ஏறிப் போய், அரைநாள் பள்ளிச் சுவருக்கு வர்ணம் அடித்துவிட்டு மறு அரைநாள் கடலில் குதிப்பது இன்று பெரிய வியாபாரம். அங்கேயும் சேவைதான் முகப்பில் நிற்கிறது, கடல் பின்கட்டில். நான் சொல்ல வந்தது இதற்கு நேர்மாறானது. அந்த ஒரு நாளில் நேர்மையான பாதி கடலைப் பார்த்த பாதிதான். ஐயத்தோடு ஆராய வேண்டியது சேவை என்று எழுதப்படும் மற்றப் பாதியை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மாணவர்களுக்குச் செய்யத் தொண்டு நிறையவே இருக்கிறது. அது இருக்கும் இடம் வேறு, அதற்கான மாதமும் வேறு.

முதலில் ஒரு கணக்கு. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டையொட்டி, மத்தியக் கல்வி அமைச்சராக இருந்த வி.கே.ஆர்.வி. ராவ் காலத்தில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. அதன் விதிப்படி ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் கலந்துகொள்ள வேண்டும். ஓர் அணிக்கு நூறு பேர் என்று வைத்துக்கொண்டால் அந்த அணியின் கையில் ஆண்டுக்கு 12,000 மணி நேர உழைப்பு இருக்கிறது. கடற்கரையில் அந்த நூறு பேரும் ஆளுக்கு இரண்டு மணி நேரம் பொறுக்கினால் 200 மணி. நூற்றுக்கு இரண்டுகூடத் தேறவில்லை. புகைப்படத்தில் பெரிதாகத் தெரியும் அந்த இரண்டு மணி நேரத்தால் கடலுக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. மறுநாள் நீரோட்டம் வேறு குப்பையைக் கொண்டுவந்து போடும். பேருந்துக்கு எரிந்த டீசலை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பிள்ளைகள் கடல் பார்க்கப் போவதற்கு டீசல் கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனம். என் கேள்வி மிச்சம் 11,800 மணி நேரத்தைப் பற்றியது.

ஒருநாள் சேவையை இவ்வளவு கடுமையாகப் பார்க்க வேண்டுமா என்று கேட்கலாம். இதைவிடக் கடுமையாகப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். வியன்னாவில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார் இவான் இல்லிச் 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில் ஒரு கூட்டத்தில் பேசினார். கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டு செய்ய வரும் அமெரிக்க மாணவர்களுக்காக நடந்த கூட்டம் அது. வாழ்த்திப் பேசுவார் என்று எதிர்பார்த்து அழைத்தவர்களிடம் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: மொழி தெரியாத, நிலம் தெரியாத உங்களால் இந்த மக்களுக்கு எந்த உபயோகமும் இல்லை, உதவுகிறோம் என்ற நினைப்பே அவர்களைத் தாழ்த்துகிறது. பார்க்க வாருங்கள், மலையேறுங்கள், பூக்களை ரசியுங்கள், படியுங்கள். உதவ மட்டும் வராதீர்கள் என்றார். நல்லெண்ணத்தோடு வந்தவர்களுக்கு இது கசந்திருக்கும். அந்தப் பேச்சு முழுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதில் ஒரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. விளையாட்டை அவர் தடுக்கவில்லை. விருந்தாளியாக வருவதை வரவேற்கவே செய்தார். அவர் மறுத்தது, விருந்தாளி தன்னை வைத்தியர் என்று சொல்லிக்கொள்வதை.

அவர் பயந்ததைவிட மோசமான விளைவுகளைப் பிற்காலம் காட்டியது. கம்போடியாவில் 2005 முதல் 2010 வரையான ஐந்தாண்டுகளில் அனாதை இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. போரும் இல்லை, கொள்ளைநோயும் இல்லை. அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள் என்று யுனிசெப் தெரிவித்தது. வெளிநாட்டுப் பயணிகளும் இளம் தொண்டர்களும் ஒருநாள், இரண்டு நாள் வந்து பிள்ளைகளோடு விளையாடி நன்கொடை தந்துவிட்டுப் போகப் போக, காட்டுவதற்குப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். அந்தத் தொண்டர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். நல்லவர்கள் வருகைதான் அந்தச் சந்தையை நடத்தியது.

கம்போடியா வரை போக வேண்டியதில்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணிகள் மலைபோலக் குவிந்து கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாக அனுப்பினார்கள். கடலில் உழைத்து, கையேந்தாமல் வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் பிறர் உடுத்திய துணியைத் தொட மறுத்தன. அவர்கள் கேட்டது படகும் வலையும் எஞ்சினும். அந்தத் துணியை அப்புறப்படுத்துவதே பிறகு தனி வேலையாகிப்போனது. உதவியே கூடாது என்பதற்கு இதை நான் சொல்லவில்லை. படகும் வலையும் கொடுத்தவர்கள் உண்மையிலேயே உதவினார்கள். கொடுக்கிறவர் கையில் எது இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கிய உதவி சாலையோரத்தில் மக்கியது. வாங்குகிறவருக்கு எது வேண்டும் என்று கேட்டுத் தொடங்கிய உதவி கடலுக்குப் போனது.

இந்தக் கண்ணோடு கடற்கரைத் தூய்மைப் பணியைப் பாருங்கள். மூக்கையூரிலோ நரிப்பையூரிலோ வாலிநோக்கத்திலோ ஒரு கல்லூரிப் பேருந்து வந்து நிற்கிறது. நூறு பேர் ஒரே நிறச் சட்டையில் இறங்கி, மீனவர்கள் வலை உலர்த்தும் மணலில் குப்பை பொறுக்கத் தொடங்குகிறார்கள். யாரிடமும் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் நம் வீட்டு வாசலில் வந்து, நம்மைக் கேட்காமல் கூட்டிப் பெருக்கி, கையோடு படமும் எடுத்துக்கொண்டால் நமக்கு எப்படியிருக்கும்? அந்தப் படம் மீனவர்களைப் பற்றி ஒரு தீர்ப்பையும் சேர்த்தே சொல்கிறது: இவர்கள் அசுத்தம் செய்கிறார்கள், நாங்கள் படித்தவர்கள் வந்து சுத்தம் செய்கிறோம். அறுந்துபோன நைலான் வலைத் துண்டுகள் அந்தக் கரையில் கிடப்பது உண்மைதான். கூடவே கிடக்கும் ஷாம்பு பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் சேவுப் பொட்டலமும் எங்கிருந்து வந்தன? அவற்றில் கணிசமானவை நாம் போட்டவை. நாம் போட்டதை அடுத்தவர் வாசலில் போய்ப் பொறுக்கிவிட்டு, அதற்குத் தொண்டு என்று பெயர் வைத்துச் சான்றிதழும் வாங்கிக்கொள்கிறோம்.

இந்த இடத்தில் வரைபடம் வேண்டும். குண்டாறு மதுரை மாவட்டத்தில் பேரையூர்ப் பக்கத்து மேற்கு மலைச்சரிவுகளில் புறப்பட்டு, திருமங்கலம், காரியாபட்டிப் பகுதிகளைக் கடந்து திருச்சுழிக்கு வருகிறது. பூமிநாதர் கோயில் இருக்கும் அந்த ஊர், 1879 டிசம்பர் 30 அன்று ரமணர் பிறந்த ஊர், ஆற்றங்கரை ஊர். அங்கிருந்து கமுதியைத் தொட்டுக்கொண்டு தென்கிழக்கே இறங்கி மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. அருப்புக்கோட்டை நகரத்துத் தண்ணீரெல்லாம் குண்டாற்றில்தான் விழுகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கரிசல் பூமியின் சாய்மானமே தென்கிழக்குப் பக்கம். எந்த ஓடையில் இறங்கினாலும் கடைசி இடம் அந்த வளைகுடாதான். நிர்வாக வரைபடமும் ஒருகாலத்தில் இதையே சொன்னது. 1985 மார்ச்சில் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரிக்கும்வரை அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இராமேசுவரமும் ஒரே மாவட்டம். அன்றைய அருப்புக்கோட்டை மாணவர் கடற்கரை மாவட்டத்துப் பிள்ளை. இன்றைய மாணவருக்குக் கடலே இல்லாத விருதுநகர் மாவட்டம். கோடு போட்டுப் பிரித்தது கலெக்டர் அலுவலகத்தைத்தான். வெள்ளம் வரும் ஆண்டில் குண்டாறு எந்த எல்லைக்கல்லையும் பார்த்து நிற்பதில்லை.

உடனே எதிர்க்கேள்வி வரும், வர வேண்டியதுதான். குண்டாற்றில் தண்ணீர் எங்கே ஓடுகிறது? பல ஆண்டுகள் அது மணலும் சீமைக் கருவேலமுமாகக் கிடக்கிறது. இங்கே பெய்வதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மழை. வருகிற கொஞ்சம் தண்ணீரையும் சங்கிலித் தொடராக இருக்கும் கண்மாய்கள் வாங்கிக்கொள்கின்றன. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. அப்படியிருக்கத் திருச்சுழிக் குப்பை கடலுக்குப் போகிறது என்பது கற்பனை இல்லையா? கேள்வி நியாயமானது. இரண்டு விதமாகப் பதில் சொல்கிறேன். வறண்ட ஆறு குப்பையை அழிப்பதில்லை, சேர்த்துவைக்கிறது. நான்கைந்து ஆண்டுகள் ஆற்றுப்படுகையில் குவிந்தது, ஒரு நல்ல வெள்ளத்தில் இரண்டு மூன்று நாளில் மொத்தமாக இறங்கும். ஜீவநதி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோவதை வானம் பார்த்த பூமியின் ஆறு ஒரே தவணையில் கொண்டுபோகிறது. இது முதல் பதில். கண்மாய்களே குப்பையைப் பிடித்துக்கொள்கின்றன என்பது பாதி உண்மை. அந்தப் பாதி என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறதே தவிரக் குறைக்கவில்லை. கடலுக்குப் போகாமல் நின்றதெல்லாம் எங்கே நின்றது? வரத்துக்காலில், பாலத்துக் கண்ணில், மடைவாயில். பாலித்தீன் அடைத்த மடையைத் திறக்கப் போராடுகிறவர் நம் ஊர்ச் சம்சாரி. கண்மாய் உள்வாயில் மேயும் மாட்டின் வயிற்றுக்குள் போவதும் அதுவே. கடலுக்குப் போய்ச் சேர்ந்ததைவிட வழியில் நின்றதுதான் நமக்கு உடனடித் துன்பம். இப்படியிருக்க, கண்மாயைத் தாண்டி எழுபது கிலோமீட்டர் போய்க் கடலைச் சுத்தம் செய்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

அப்படியானால் ஆற்றிலும் கண்மாயிலும் மாணவர்கள் என்ன செய்யலாம்? சீமைக் கருவேலத்தை வெட்டுவது என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டது, ஊர் ஊராக வெட்டினார்கள், அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. வெட்டினால் தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மரம் அது. வேரோடு பிடுங்க இயந்திரம் வேண்டும். திருச்சுழி, நரிக்குடி, கமுதிப் பக்கம் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனையோ. வெள்ளாமை பொய்த்த ஆண்டில் கஞ்சி ஊற்றியது அந்த மரம். ஒரு சனிக்கிழமை அரிவாளோடு வரும் மாணவர்கள் தீர்க்கக்கூடிய விவகாரம் இல்லை. அவர்களால் முடிவது வேறு: வரத்துக்கால்களை ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து பார்த்து வரைவது, எங்கே அடைத்திருக்கிறது, எங்கே ஆக்கிரமிப்பு, எந்தப் பாலத்தடியில் என்ன குப்பை நிற்கிறது என்று குறிப்பது, மழைக்கு முன்னால் அந்த இடங்களை மட்டும் சுத்தம் செய்வது. சின்ன வேலைதான். ஆனால் கை அளவுக்கு ஏற்ற வேலை, அடுத்த மழையிலேயே பலன் தெரியும் வேலை.

இதற்கு நம்மிடம் பழைய முன்மாதிரி இருக்கிறது. கண்மாயில் பாயும் தண்ணீரால் பிழைக்கிறவர்களே அதைப் பராமரிப்பது குடிமராமத்து. அதை மட்டும் பாடிப் புகழ்ந்துவிட்டு நகர்வது எனக்குப் பிடிக்காது. நிலம் வைத்திருந்தவர் கணக்குப் பார்க்க, நிலமில்லாத சாதியார் மண் சுமந்த ஊர்கள் நிறைய. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்றைப் போட்டு, கரை உடையும் ஆபத்து வந்தால் ஊராரை வேலைக்கு இழுக்க அதிகாரம் எடுத்துக்கொண்டார்கள். தானாக நடந்த பொற்காலம் என்று எதுவும் இல்லை. ஆனால் அந்த முறையின் உள்ளே ஒரு கொள்கை சரியாக இருந்தது: யார் அனுபவிக்கிறாரோ அவர் கையில்தான் மண்வெட்டி. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டத்தைப் புதுப்பித்தபோது வேலை பெரும்பாலும் இயந்திரத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் போனது. மாணவர் அணிக்கு அந்தக் கொள்கை பொருந்தும். தன் வீட்டுச் சாக்கடை போய்ச் சேரும் ஓடையில் இறங்குகிறவர் யாருக்கும் உபகாரம் செய்யவில்லை. அந்த இடத்தில் இல்லிச்சின் குற்றச்சாட்டு ஒட்டாது.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கூர்மையானது. கடற்கரைத் தூய்மைப் பணி உலகம் முழுவதும் நடக்கிறதே, அத்தனை பேரும் ஏமாளிகளா என்பது. ஏமாளிகள் இல்லை. 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓ'ஹாரா என்ற இரண்டு பெண்கள் தொடங்கியது அது. ஆண்டுதோறும் செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை நடக்கும் வழக்கமாகி நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. அவர்கள் செய்த புதுமை குப்பை பொறுக்கியதில் இல்லை. ஒவ்வொரு தொண்டர் கையிலும் ஓர் அட்டை கொடுத்து, எடுத்த ஒவ்வொரு பொருளையும் வகைபிரித்துக் குறிக்கச் சொன்னார்கள். எத்தனை மூடி, எத்தனை பை, எத்தனை சிகரெட் துண்டு, எத்தனை வலைத்துண்டு. குப்பை எங்கிருந்து வருகிறது என்று வாதாடுவதற்கு அந்தக் கணக்கு ஆதாரமானது. கப்பல்களிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் கொட்டக் கூடாது என்ற சர்வதேச ஒப்பந்தப் பகுதி 1988-ஆம் ஆண்டின் கடைசி நாளில் அமலுக்கு வந்ததற்கும் அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட சான்றுகள் துணைநின்றன. ஒருநாள் தொண்டில் உருப்படியாக மிஞ்சக்கூடியது எண்ணிக்கைதான். நம் கல்லூரிகள் அந்த நாளை எடுத்துக்கொண்டன, கையுறையை எடுத்துக்கொண்டன, பதாகையை எடுத்துக்கொண்டன, அட்டையை விட்டுவிட்டன.

நாளையும் அப்படியே எடுத்துக்கொண்டதில் ஒரு சிக்கல் இருக்கிறது. செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை நமக்கு ஆவணிக் கடைசி அல்லது புரட்டாசித் தொடக்கம். அப்போது மன்னார் வளைகுடாவில் தென்காற்றின் வேகம் முழுதும் அடங்கியிருக்காது. இராமேசுவரத்தில் தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் சொல்வது வழக்கம். காற்று மாறும்போது இரண்டும் குணத்தை மாற்றிக்கொள்ளும் என்பதும் மீனவர்களுக்குத் தெரிந்ததே. வாடைக்காற்று நிலத்திலிருந்து அடிக்கும் தை, மாசி மாதங்களில் தெற்குக் கடல் அடங்கிக் கிடக்கும். இன்னொன்று: புரட்டாசியில் வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்கவில்லை. நம் வட்டாரத்துக் குப்பை எல்லாம் அப்போது ஓடையிலும் ஆற்றுப்படுகையிலும் அசையாமல் கிடக்கிறது. ஆண்டு முழுவதிலும் அதை எடுக்க அதைவிடப் பொருத்தமான வாரம் இல்லை. அந்த வாரத்தில் பேருந்து பிடித்துக் கடலுக்குப் போகிறோம். ஆகவே நான் சொல்வது எளிய இடமாற்றம்: செப்டம்பர் சனிக்கிழமையைத் திருச்சுழிப் படுகைக்கும் அருப்புக்கோட்டை ஓடைகளுக்கும் கொடுங்கள். கடலுக்குத் தையில் போங்கள். மழை முடிந்திருக்கும், வெள்ளம் கொண்டுவந்ததைக் கரை காட்டும், கடலும் இடம் கொடுக்கும்.

தையில் போகும்போது சேவை என்ற பெயர் வேண்டாம் என்பேன். இங்கேதான் எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் வருகிறது. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு மாணவிக்கு, கல்லூரி நிர்வாகம் முத்திரை வைத்த தொண்டு முகாம் என்றால்தான் வீட்டில் அனுமதி. கடல் பார்க்கப் போகிறேன் என்றால் தகப்பன் கையெழுத்துப் போட மாட்டார். கல்லூரிக்கும் அப்படித்தான், தொண்டு என்றால் வருகைப் பதிவில் இடம் உண்டு, நிதியில் கொஞ்சம் பங்கு உண்டு, உல்லாசப் பயணம் என்றால் இரண்டும் இல்லை. அந்தப் பெயரைப் பிடுங்கிவிட்டால் முதலில் கடலை இழப்பது அந்தப் பெண்தான். இந்த ஆட்சேபத்துக்கு முன்னால் நான் பணிகிறேன். நூற்பாலைக்கும் தறிக்கும் பட்டாசுக் கூடத்துக்கும் பெண்களை அனுப்பும் ஒரு மாவட்டத்தில், ஒரு பெண் ஒருநாள் கடலில் கால் நனைப்பது ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த அனுமதிச்சீட்டைக் கல்விப் பயணம் என்ற பெயரிலும் வாங்க முடியும். பொய்யான காரணத்தோடு வாங்கும் சுதந்திரம் அடுத்த முறையும் பொய்யைக் கேட்கும். புரட்டாசியில் நூறு பேரும் ஓடையில் வேலை செய்திருந்தால், தையில் அவர்கள் கடலைப் பார்க்கப் போவது அந்த வேலையின் இரண்டாம் பாகம் என்று எந்தக் கல்லூரி முதல்வரும் எழுத்தில் கொடுக்கலாம். அது உண்மையும்கூட. வேலைக்குக் கூலியாகக் கடல் என்று யாராவது சொன்னால் அதிலும் எனக்கு வெட்கமில்லை. இருபது வயதில் கடலுக்கு ஆசைப்படுவதற்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

அங்கே போய் என்ன பார்ப்பது? தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைத்தார்கள். 1989-இல் அந்தப் பகுதி உயிர்க்கோளக் காப்பகமானது. அந்த 21-இல் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும், இன்று கடல்மட்டத்துக்கு மேலே இல்லை. பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததற்கும் அதில் பங்குண்டு. தீவுகளைச் சுற்றிய ஆழமற்ற கடலில் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். பூங்கா வந்தபின் அவர்களுக்கும் வனத்துறைக்கும் நடந்த இழுபறி நீண்டது. கடலைக் காப்பாற்றுவது என்ற சொல்லுக்குள் யார் பிழைப்பு போகிறது என்ற கேள்வியைப் பற்றி அந்தப் பெண்களிடம் அரைமணி நேரம் பேசினால் போதும், பாடப்புத்தகம் தராத அளவுக்குத் தெரிந்துகொள்ளலாம். கரிமூட்டம் போடும் ஊரிலிருந்து போகும் மாணவருக்கு அது புரியவும் புரியும். மரமா, பிழைப்பா என்ற அதே வழக்கைத் தன் ஊரிலேயே பார்த்தவர் அவர். இப்படிக் கேட்கப் போகிறவர் விருந்தாளி. விருந்தாளிக்கு அவர்கள் டீயும் கொடுப்பார்கள்.

கடலில் இறங்குவது பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. நம் பிள்ளைகளில் நீச்சல் தெரிந்தவர்கள் கிணற்றிலும் கண்மாயிலும் கற்றவர்கள். கிணற்றில் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடலில் அது இழுக்கும்; நன்றாக நீந்துகிறவரையும் கரையிலிருந்து பக்கவாட்டாகவோ உள்ளேயோ கொண்டுபோகும். கிணற்றில் வீரனாக இருப்பவர்தான் முதலில் ஆழத்துக்குப் போகிறார் என்பதால் ஆபத்தும் அவருக்கே அதிகம். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் குளிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை வேடிக்கைக்கு எழுதியதில்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு தூரம் என்பதை அந்த ஊர் மீனவர் ஒருவரைக் கேட்டு, அவர் சொல்லுக்குக் கட்டுப்படுவது என்று முடிவு செய்துவிட்டுப் பேருந்தில் ஏற வேண்டும். முழங்காலுக்குமேல் வேண்டாம் என்று அவர் சொன்னால் முழங்காலோடு நிற்பது.

இனி அட்டை. புரட்டாசியில் ஓடையில் எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் வகை வாரியாகக் குறியுங்கள். தையில் மூக்கையூர்க் கரையில் ஊராரிடம் சொல்லிவிட்டு, நூறு அடி நீளத்துக்குக் கயிறு கட்டி, அதற்குள் கிடப்பதை மட்டும் அதே அட்டையில் எண்ணுங்கள். பொறுக்கினாலும் சரி, பொறுக்காவிட்டாலும் சரி. பொட்டலத்தில் கடை பெயரோ ஊர் பெயரோ இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர் இரண்டு ஆண்டுகள் இருக்கிறார் என்பதால் அதே அணி அடுத்த ஆண்டும் அதே ஓடை, அதே கரை என்று போகலாம். அந்த இரண்டு தாள்களையும் அருப்புக்கோட்டை நகராட்சியிடமும் திருச்சுழி ஊராட்சி ஒன்றியத்திடமும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது; எது இன்னும் வருகிறது, எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதைக் கூட்டத்தில் கேட்கக் கையில் ஆதாரம் இருக்கும். இரண்டாம் ஆண்டு கடற்கரைக் கணக்கு குறையாமலும் போகலாம். அந்தக் கரைக்குக் குப்பை வேறு ஆற்றிலிருந்தோ, வேறு நகரத்திலிருந்தோ, கப்பலிலிருந்தோ, வலையிலிருந்தோ வந்திருக்கலாம். அப்படியானால் மூன்றாம் ஆண்டு அணி அட்டையில் இன்னொரு பத்தியைச் சேர்த்துக்கொண்டு, வைப்பாற்றின் முகத்துவாரத்திலும் ஒருமுறை கயிறு கட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கும் ஒரு கடல் பயணம் தேவைப்படும். மாணவர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.